பழைய சதுரங்க மென்பொருளோடு சில ஆண்டுகள்

சதுரங்க மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவரும்போதெல்லாம் சமூக மன்றத்தில் என்னோடு ஆடுபவர்கள் தவறாமல் கேட்பார்கள்: "என்ன அண்ணே, மாற்றிவிட்டீர்களா?" இல்லை. பல ஆண்டுகளாக, ஆட்டங்களைச் சேமித்துத் தேட உதவும் அதே தரவுத்தள மென்பொருள், அதே மடிக்கணினி.

விளம்பரங்கள் எஞ்சினின், அதாவது நல்ல நகர்வைக் கணக்கிடும் நிரலின், பலத்தைத்தான் தம்பட்டம் அடிக்கின்றன. அந்தப் பலத்துக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்? ஸ்டாக்ஃபிஷ் என்ற பலமான எஞ்சின் இலவசம். ஜப்பானியரின் சதுரங்கமான ஷோகியின் நிரல்களில் பிறந்த நரம்பு வலைப்பின்னல் முறை 2020இல் அதன் 12ஆம் பதிப்பில் சேர்ந்தது. அடுத்தடுத்த பதிப்புகளும் இலவசமாகவே வந்தன. பழைய மென்பொருளில் 'புதிய யுசிஐ எஞ்சின்' (யுசிஐ என்பது எஞ்சின்களும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் பொது முறை) என்ற தெரிவைக் கொடுத்து, இறக்கிய கோப்பைக் காட்டினால் போதும். ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் கணினிச் சில்லு ஏவிஎக்ஸ்2 என்ற வேகக் கணக்கு வசதி இல்லாத பழையதாக இருந்தால் அதற்கேற்ற கோப்பையே இறக்குங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும். சில்லின் எல்லாக் கோர்களையும் (கணக்கிடும் பகுதிகளையும்) எஞ்சினுக்கே தாரை வார்க்கவும் வேண்டாம். சிங்கப்பூர் வெக்கையில் மடிக்கணினியின் விசிறி போடும் இரைச்சலில் யோசிக்கவே முடியாது.

எடுத்துக்காட்டுக்கு, 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரின் செந்தோசாவில் நடந்த உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டியின் 14ஆம் ஆட்டத்தில், குகேஷுக்கு எதிராக அப்போதைய உலக வெற்றியாளர் டிங் லிரென் 55ஆவது நகர்வாக யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுபோனார். அது தோல்வி என்று கைப்பேசியில் இருந்த இலவசச் செயலியே உடனே சொல்லியது. யானைகள் வெட்டுப்பட்ட பின் பிஷப்புகளையும் மாற்றிக்கொள்ளக் குகேஷ் கட்டாயப்படுத்துவார், மிஞ்சும் சிப்பாய் முடிவாட்டம் அவருக்கு வெற்றி. இதைப் பலகையில் காய்களை வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். எந்தப் பதிப்பும் இதைவிடக் கூடுதலாக எதையும் சொல்லியிருக்காது.

பணம் கேட்கும் இடம் தரவுத்தளம். எதிராளியின் ஆட்டங்களைத் தேடுவது, ஒரே சிப்பாய் அமைப்பு வந்த ஆட்டங்களைத் திரட்டுவது, குறிப்பெழுதிச் சேமிப்பது எல்லாம் என் பழைய பதிப்பில் இன்றும் ஒழுங்காக நடக்கின்றன. ஒரே தொல்லை, புதிய பதிப்பு வைத்திருக்கும் நண்பர் அனுப்பும் கோப்பு என்னிடம் திறப்பதில்லை. எல்லா மென்பொருளும் படிக்கும் பிஜிஎன் என்ற எளிய உரைக் கோப்பாக மாற்றி அனுப்பச் சொல்கிறேன், முணுமுணுத்துக்கொண்டே அனுப்புகிறார். சில காய்களே மிஞ்சும் முடிவாட்டத்துக்கு, ஒவ்வொரு நிலையின் முடிவையும் முன்பே கணக்கிட்டு வைத்த சிசிஜி (Syzygy) அட்டவணை இருக்கிறது. அதில் ஐந்து காய் அட்டவணை ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடுகிறது. ஆறு காய் அட்டவணைக்கு ஏறக்குறைய 150 ஜிபி வேண்டும், அதற்கு என்னிடம் இடமில்லை. ஏழு காய் வரை லிசெஸ் (Lichess) என்ற இலவசச் சதுரங்க இணையத்தளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

பிள்ளை போட்டிகளில் தீவிரமாக ஆடி, பயிற்சியாளர் வாரந்தோறும் புதிய வடிவக் கோப்புகளை அனுப்பினால் யோசிக்காமல் வாங்குங்கள். வார இறுதியில் மட்டும் ஆடுபவருக்கு லிசெஸே தாராளம்.

என் மடிக்கணினி விண்டோஸ் 10இல் ஓடுகிறது. அதற்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால் கணினியை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். புதியதில் முதலில் பழைய உரிமத்தையே ஏற்றிப் பார்ப்பேன். அது ஏற்காவிட்டால்தான் புதிய பதிப்புக்குக் காசை எடுப்பேன்.