.20 வர்டார்குக்கு லாப்புவா கூடு: காசுக்குத் தகுமா?

அமெரிக்கச் சமவெளிகளில் பிரெய்ரி நாய் எனப்படும் தரை அணில்களைத் தொலைவிலிருந்து சுடுவதற்கென்று உருவான சிறு தோட்டாக்களில் .20 வர்டார்க்கும் ஒன்று. ரெமிங்டன் நிறுவனம் 1963-இல் கொண்டுவந்த .221 ஃபயர்பால் என்ற தோட்டாவின் கழுத்தை 0.204 அங்குலக் குண்டுக்கு ஏற்பச் சுருக்கினால் அது கிடைத்துவிடும் என்பதால், சுடுபவரே பெரும்பாலும் கூட்டை, அதாவது குண்டையும் மருந்தையும் தாங்கும் பித்தளை உறையை, செய்துகொள்கிறார். தாய்க்கூடாக எதை வாங்குவது என்பதில்தான் சிக்கல்.

சிக்கனம் கருதி நான் முதலில், சுட்டுக் கழித்த இராணுவ .223 கூடுகளை வாங்கினேன். .223-க்கும் .221-க்கும் அடிப்பாகம் ஒன்றே, .223-இன் 1.760 அங்குல நீளத்தை 1.400-க்கு வெட்டினால் போதும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் வெட்டியபின் கழுத்தாக மாறுவது பழைய கூட்டின் உடற்பகுதி. அங்கே பித்தளை தடிமன். குண்டைப் பொருத்தி அளந்தபோது கழுத்து 0.236 அங்குலம் இருந்தது. என் துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையின் கழுத்தோ 0.233 தான். அப்படிப்பட்ட தோட்டாவை வலிந்து உள்ளே தள்ளிச் சுட்டால், குண்டை விடுவிக்கக் கழுத்து விரிய இடமில்லாமல் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். ஆகவே ஒவ்வொரு கழுத்தையும் கடைந்து மெலிதாக்க வேண்டியதாயிற்று. மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் அமரும் குழியைச் சுற்றி, அது கழலாதபடி இராணுவக் கூடுகளில் போடப்படும் நெரிப்பை நீக்குவது தனி வேலை. இவ்வளவுக்குப் பிறகும் இருபதில் மூன்று கூடுகள் கழுத்தில் கீறல் விட்டன. பிழை என்னுடையது: செம்பு 70, துத்தநாகம் 30 என்ற இந்தக் கலவை நெருக்க நெருக்க இறுகும்; பித்தளைப் பாத்திரம் தட்டும் கன்னார் இடையிடையே நெருப்பில் காட்டி இளக்குவாரே, அதை நான் செய்யவில்லை.

அதன்பின்தான் பின்லாந்தின் லாப்புவா செய்யும் .221 ஃபயர்பால் கூடுகளில் நூறு வாங்கினேன். கழுத்திலும் தோளிலும் சூடேற்றிய நீலப்பழுப்புக் கறை துடைக்கப்படாமல் அப்படியே இருப்பதால், பதம் செய்யப்பட்டிருப்பது பார்த்தவுடனே தெரிகிறது. மசகு தடவி முழுநீள அச்சில் ஒரே முறை செலுத்தியதில் கழுத்து சுருங்கிவிட்டது. குண்டுடன் அளந்தால் 0.230 அங்குலம். அறைச்சுவருக்கும் கழுத்துக்கும் இடையே எஞ்சும் ஆயிரத்தில் மூன்று பங்கு அங்குலம் எனக்குப் போதுமானது என்பதால், கடைசல் கருவியை எடுக்கவே நேரவில்லை. தராசில் வைத்தபோதும் கூட்டுக்குக் கூடு எடை அதிகம் மாறவில்லை.

விலை கையைச் சுடத்தான் செய்கிறது. கடைசல் கருவியும் பொறுமையும் இருப்பவருக்கு .223 வழி இன்றும் மலிவானதே. ஆனால் தடித்த கூட்டின் உட்கொள்ளளவு குறைவு என்பதால், இரண்டு வகைகளையும் கலக்காமல், வெடிமருந்தின் அளவை ஒவ்வொன்றுக்கும் குறைந்த அளவிலிருந்து தனித்தனியே சோதித்து ஏற்ற வேண்டும். நான் வெட்டிய கூடுகளுக்குச் சிவப்பு மை அடையாளமிட்டு வேறு டப்பாவில் வைத்திருக்கிறேன். லாப்புவா வந்தபின் அந்த டப்பாவை இன்னும் திறக்கவில்லை.