‘அக்டோபர் வரை பொறுங்கள்’ என்ற சொல்லை நம்பி நான் இழந்த மெடிகேப் உரிமை

அறுபத்தைந்து வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்காக, குறிப்பாக என்னைப் போல டெக்சாஸில் வசிப்பவர்களுக்காக, இதை எழுதுகிறேன். 2024 மார்ச் மாதம் ஒரு காப்பீட்டு முகவர் தொலைபேசியில் சொன்ன ஒரே வாக்கியத்தை நம்பிப் பொறுத்திருந்தேன். அதனால், மெடிகேர் என்னும் அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு நம் தலையில் விட்டுவைக்கும் செலவை ஏற்கும் தனியார் மெடிகேப் காப்பீட்டை, உடல்நிலை பற்றி ஒரு கேள்வியும் கேட்கப்படாமல் வாங்குவதற்குச் சட்டம் எனக்கு அளித்திருந்த உரிமை ஏழே வாரங்களில் கைவிட்டுப் போயிற்று. அப்படி ஓர் உரிமை எனக்கு இருந்தது என்பதே அது போன பிறகுதான் தெரிய வந்தது.

நான் 1990களின் பிற்பகுதியில் மென்பொருள் வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்தவன். மெடிகேர் வரி செலுத்திய 40 காலாண்டுகளை என்றோ கடந்துவிட்டதால், மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ எனக்குப் பிரீமியம் இல்லாமல் கிடைக்கும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. 2023 மே மாதம் 65 வயது நிறைவடைய இருந்ததால், ஏப்ரல் இறுதியில் ஓய்வு பெற்று, நிறுவனம் தந்த காப்பீடு முடிந்த மறுநாளே மெடிகேர் தொடங்கும்படி ஏற்பாடு செய்ய நினைத்தேன். பிறந்த மாதத்துக்கு முந்தைய மூன்று மாதங்கள், பிறந்த மாதம், பிந்தைய மூன்று மாதங்கள் என்று ஏழு மாதங்கள் சேர்வதற்கு அவகாசம் உண்டு. அந்த நாள்களில் அஞ்சல் பெட்டியைத் திறந்தால் காப்பீட்டு விளம்பரங்கள்தாம் நிரம்பி வழிந்தன. எதைப் படிப்பது, எதை எறிவது என்று புரியாமல் இருந்த நேரத்தில், எங்கள் ஊர்த் தமிழர்களின் பொங்கல் விழாவில் மேசை போட்டு அமர்ந்திருந்த அந்த முகவரைச் சந்தித்தேன். நாற்பது வயதுக்குள் இருப்பார். “அண்ணா, நீங்கள் ஒன்றும் கவலைப்படாதீர்கள், நான் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் விளக்குகிறேன்” என்றார். தமிழில் பேசியதே அவர் மீது எனக்கு நம்பிக்கை ஏற்படப் போதுமானதாக இருந்தது.

வீட்டுக்கு வந்தார், என் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்தார், ஒரு மணி நேரம் பேசினார். பார்ட் ஏ மருத்துவமனைக்கு, பார்ட் பி மருத்துவர்களுக்கும் பரிசோதனைகளுக்கும், பார்ட் டி மருந்துகளுக்கு. இவை மூன்றையும் ஒன்றாகக் கட்டி, பல், கண், காது ஆகியவற்றையும் சேர்த்துத் தனியார் நிறுவனங்கள் தருவதுதான் அட்வான்டேஜ் திட்டம். அதற்குப் பிரீமியம் ஒரு காசும் இல்லை. இதுதான் அவர் சொன்னதன் சாரம். பார்ட் பி பிரீமியம், அந்த ஆண்டில் மாதம் 164.90 டாலர், அட்வான்டேஜில் சேர்ந்தாலும் கட்டியே தீர வேண்டியது என்பதை நான் கேட்ட பிறகே ஒப்புக்கொண்டார். “மெடிகேப் என்று ஒன்று இருக்கிறதாமே தம்பி?” என்று கேட்டேன். “அது மாதா மாதம் தண்டச் செலவு அண்ணா. நீங்கள் ஆரோக்கியமாகத்தானே இருக்கிறீர்கள்? பிறகு தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம்” என்று சொல்லித் தாள் படிவத்தை நீட்டினார். நானும் கையெழுத்திட்டேன்.

‘பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்ற அந்தச் சொல்தான் என்னை ஏமாற்றியது. ஆகவே, அவர் சொல்லாமல் விட்டதை விரிவாகவே எழுதுகிறேன்.

அரசு நேரடியாக நடத்தும் மூல மெடிகேரில், பார்ட் பி செலவில் 80 விழுக்காட்டை அரசு ஏற்கும். மீதி 20 விழுக்காடு நம்முடையது, அதற்கு ஆண்டு உச்சவரம்பு என்று எதுவுமே கிடையாது. புற்றுநோய்ச் சிகிச்சை போன்ற ஒன்று வந்துவிட்டால் அந்த 20 விழுக்காடே ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கரைத்துவிடும். அந்த ஓட்டையை அடைப்பதற்காகத் தனியார் நிறுவனங்கள் விற்பதே மெடிகேப். அதன் திட்டங்கள் எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. ஒரே எழுத்துள்ள திட்டத்தை எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் அடிப்படைப் பலன்கள் ஒன்றே, விலை மட்டுமே மாறும். மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் ஆகிய மூன்று மாநிலங்களில் மட்டும் முறை வேறு. 65 வயதாகிப் பார்ட் பி தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதங்களுக்கு, நமக்கு என்ன நோய் இருந்தாலும் எந்த நிறுவனமும் மெடிகேப் தர மறுக்க முடியாது, நோயைக் காட்டிக் கூடுதல் விலை கேட்கவும் முடியாது. அந்த ஆறு மாதங்கள் வாழ்நாளில் ஒருமுறைதான் வரும். அவை கடந்த பின், டெக்சாஸ் உள்ளிட்ட பெரும்பாலான மாநிலங்களில், நிறுவனம் உடல்நிலை விவரங்களைக் கேட்டு விண்ணப்பத்தை நிராகரிக்கலாம். நியூயார்க், கனெக்டிகட் போன்ற மிகச் சில மாநிலங்களில்தான் ஆண்டு முழுவதும் கேள்வியின்றி வாங்க முடியும். எனக்கு அந்த ஆறு மாதங்கள் 2023 அக்டோபர் 31ஆம் தேதியோடு முடிந்தன. அது முடிவதை அறியாமலே அந்த மாதத்தில் நாங்கள் கொலு வைத்துக்கொண்டிருந்தோம்.

2024 ஜனவரியில் ஒரு விடியற்காலையில் நெஞ்சை அழுத்தும் வலி வந்தது. அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன், இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்தேன். சிகிச்சை அளித்தவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. துன்பம் வீடு திரும்பிய பிறகுதான் தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டுகளாக என்னைப் பார்த்து வந்த இதய மருத்துவர் என் திட்டத்தின் நெட்வொர்க்கில், அதாவது அதனோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவர்களின் பட்டியலில், இல்லை. நெட்வொர்க்கில் இருந்த வேறொருவரைப் பார்க்க ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அவர் எழுதிக்கொடுத்த ஸ்கேனுக்குத் திட்டத்தின் முன்அனுமதி வேண்டும் என்று நிறுத்தி வைத்து, பிறகு ‘மருத்துவத் தேவை நிறுவப்படவில்லை’ என்ற கடிதத்தை அனுப்பினார்கள். மூல மெடிகேரில் மருத்துவர் எழுதிய இப்படிப்பட்ட பரிசோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்அனுமதி என்ற படியே கிடையாது. அட்வான்டேஜ் திட்டங்கள் நிராகரித்த முன்அனுமதிக் கோரிக்கைகளை ஆய்வு செய்த மத்திய சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம், அவற்றில் 13 விழுக்காடு மூல மெடிகேரின் விதிகளின்படி ஏற்கப்பட்டிருக்க வேண்டியவை என்று 2022 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. நான் மேல்முறையீடு செய்தேன், ஸ்கேன் கிடைத்தது. ஆனால், நெஞ்சில் கை வைத்தபடி கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்த அந்த நாள்களில்தான் இந்தத் திட்டம் எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

மார்ச் 11ஆம் தேதி முகவரை அழைத்தேன். நடந்ததையெல்லாம் சொல்லி, மூல மெடிகேருக்குத் திரும்பி மெடிகேப் எடுக்க விரும்புகிறேன் என்றேன். அவர் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. “இப்போது ஒன்றும் செய்ய முடியாது அண்ணா. அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரைதான் மாற்றும் காலம். அக்டோபர் வரை பொறுங்கள், நானே மாற்றித் தருகிறேன்” என்றார்.

அது இரண்டு வகையில் தவறு. ஒன்று, அட்வான்டேஜ் திட்டத்தில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை ஒருமுறை வெளியேறி மூல மெடிகேருக்குத் திரும்பலாம். நான் பேசிய நாளில் அந்த அவகாசம் திறந்தே இருந்தது. மற்றொன்று இன்னும் பெரியது. 65 வயதில் முதன்முதலாக மெடிகேருக்குத் தகுதி பெறும்போதே அட்வான்டேஜில் சேர்ந்த ஒருவர், முதல் 12 மாதங்களுக்குள் அதை விட்டு வெளியேறினால், தம் மாநிலத்தில் விற்கப்படும் எந்த மெடிகேப் திட்டத்தையும் உடல்நிலைக் கேள்வியின்றி வாங்கலாம். இதைச் சோதனைக்கால உரிமை என்கிறார்கள். நான் சேர்ந்தது 2023 மே 1. ஆக, 2024 ஏப்ரல் 30 வரை, ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு போய் நின்றாலும், என்னை யாரும் மறுத்திருக்க முடியாது.

நான் அக்டோபர் வரை பொறுத்தேன். அக்டோபர் மூன்றாவது வாரம் மெடிகேப்புக்கு விண்ணப்பித்தபோது, கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் இதயச் சிகிச்சை செய்துகொண்டீர்களா என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன். ஒரு நிறுவனம் அன்றே மறுத்தது, இன்னொன்று ஒன்பது நாள் கழித்து மறுத்தது. முகவரோ, “அது நிறுவனத்தின் முடிவு அண்ணா, என் கையில் என்ன இருக்கிறது” என்று முடித்துக்கொண்டார். அதன் பிறகு என் அழைப்புகளை அவர் எடுக்கவில்லை.

ஒரு நண்பர் சொல்லித்தான் டெக்சாஸின் ஹைகேப் என்ற இலவச ஆலோசனைச் சேவையைப் பற்றி அறிந்தேன். ஒவ்வொரு மாநிலத்திலும் அரசு நிதியில் இப்படி ஒரு மெடிகேர் ஆலோசனைத் திட்டம் இருக்கிறது. அங்கே பேசுபவர்களுக்கு எந்தத் திட்டத்தை விற்றாலும் தரகு கிடையாது. என்னிடம் பேசிய மூத்த பெண்மணி, பார்ட் பி தொடங்கிய தேதியையும் அட்வான்டேஜ் தொடங்கிய தேதியையும் கேட்டு எழுதிக்கொண்டு, சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஏப்ரலில் என்னிடம் வந்திருக்கக் கூடாதா?” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

முகவர் தெரிந்தே சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. தெரியாமல் சொல்லியிருந்தால், இந்தத் தொழிலைச் செய்ய அவருக்குத் தகுதி இல்லை. 2023இல் புதிதாக ஒருவரை அட்வான்டேஜில் சேர்த்தால் பெரும்பாலான மாநிலங்களில் முகவருக்கு 601 டாலர் வரை தரகு தரலாம் என்று மெடிகேர் நிருவாகமே வரையறுத்திருந்தது. தொடரும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அதில் பாதியளவு வரும். மெடிகேப்பில் தரகு என்பது பொதுவாகப் பிரீமியத்தில் ஒரு பங்கு. இதை அவர் வாயால் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்றே இப்போதும் கருதுகிறேன்.

புகார் கொடுத்தேன். திட்டத்தை நடத்தும் நிறுவனமோ அதன் சார்பில் பேசியவரோ தவறான தகவல் தந்து ஏமாற்றியது நிறுவப்பட்டால், அந்தக் காரணத்துக்காகவே வெளியேறிக் கேள்வியின்றி மெடிகேப் வாங்கும் உரிமை விதிகளில் இருக்கிறது. நிறுவத்தான் என்னால் முடியவில்லை. சேர்ப்பு வீட்டில், தாளில் நடந்தது; மார்ச் 11 உரையாடல் அவருடைய சொந்தக் கைப்பேசியில் நடந்தது; எழுத்தில் ஒரு வரி இல்லை. அன்றே “நீங்கள் சொன்னதைக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள் தம்பி” என்று கேட்டிருந்தால் நிலைமை மாறியிருக்கும். மெடிகேப் இல்லாமல், உச்சவரம்பற்ற 20 விழுக்காட்டோடு மூல மெடிகேருக்குத் திரும்ப எனக்குத் துணிவு இல்லை. ஆகவே, நெட்வொர்க்குக்கு வெளியேயும் கூடுதல் செலவில் போக அனுமதிக்கும் வேறோர் அட்வான்டேஜ் திட்டத்துக்கு 2025 ஜனவரியில் மாறி, அதிலேயே இருக்கிறேன்.

அட்வான்டேஜே கூடாது என்று நான் சொல்லவில்லை. மெடிகேப் பிரீமியம் கட்ட இயலாதவர்களுக்கு, ஆண்டுச் செலவுக்கு உச்சவரம்பு உள்ள அட்வான்டேஜ் பாதுகாப்புதான். ஆனால், உள்ளே போகும் கதவு ஆண்டுதோறும் திறக்கும், கேள்வியின்றி மெடிகேப் வாங்கி வெளியே வரும் கதவு சில மாதங்களுக்குத்தான் திறந்திருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

என் மனைவிக்கு 2025 ஆகஸ்டில் 65 ஆயிற்று. அவர் வெளி வேலைக்குப் போனதில்லை என்றாலும், என் 40 காலாண்டுகளின் பேரில் அவருக்கும் பார்ட் ஏ பிரீமியம் இல்லாமல் கிடைத்தது. மூல மெடிகேரில் சேர்த்து, மெடிகேப் ஜி திட்டமும் தனியாகப் பார்ட் டியும் எடுத்தோம். அப்போது மாதம் பார்ட் பிக்கு 185 டாலர், ஜி திட்டத்துக்கு 131 டாலர், மருந்துத் திட்டத்துக்குச் சிறு தொகை. ஓய்வூதியத்தில் வாழ்பவர்களுக்கு இது பாரம்தான், வயது ஏற ஏற இன்னும் கூடும். ஆனால், பார்ட் பியின் ஆண்டுக் கழிவுத் தொகையை (காப்பீடு ஏற்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டியது; 2025இல் 257 டாலர்) கட்டிவிட்டால், மெடிகேர் ஏற்கும் சிகிச்சைகளுக்கு அவர் மேற்கொண்டு செலுத்த வேண்டியது ஏதும் இல்லை. இன்னொன்றும் நம்மவர்கள் அறிய வேண்டும். திருச்சிக்குப் போயிருக்கும்போது உடல்நலம் கெட்டால் மூல மெடிகேர் பொதுவாக ஒன்றும் தராது. ஜி திட்டமோ பயணத்தின் முதல் 60 நாள்களில் ஏற்படும் அவசரச் சிகிச்சையில், 250 டாலர் கழிவுக்குப் பிறகு 80 விழுக்காட்டை, வாழ்நாளில் 50,000 டாலர் வரை தரும்.

65 வயதானவுடன் அட்வான்டேஜில் சேர்ந்து இன்னும் 12 மாதம் ஆகாதவர்கள் யாரேனும் இதைப் படித்தால், திட்டம் தொடங்கிய தேதியை இன்றே எடுத்துப் பார்த்து, 12ஆவது மாதத்தின் கடைசி நாளை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். மாற விரும்பினால், பழைய திட்டம் முடிவதற்கு 60 நாள் முன்பிருந்து, முடிந்த 63 நாளுக்குள் மெடிகேப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் சோதனைக்கால உரிமையின் பேரில் கேட்கிறேன் என்று தெளிவாக எழுதுங்கள். மருந்துக்குப் பார்ட் டியைத் தனியாக எடுக்க மறக்க வேண்டாம். மெடிகேரின் இலவசத் தொலைபேசி எண் 1-800-633-4227. உங்கள் மாநில ஆலோசனைச் சேவையின் எண்ணையும் அங்கேயே கேட்டுப் பெறலாம். பேசியவரின் பெயர், நாள், நேரம் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.