கஷாயமா, மாத்திரையா? நோய்க்கு நோய் பதில் மாறும்

மாத்திரை என்றால் கெமிக்கல், கஷாயம் என்றால் இயற்கை, இயற்கை என்றால் பக்கவிளைவே கிடையாது. சிங்கப்பூரில் நம் வீடுகள் பலவற்றில் இந்தக் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டி வைத்தியம் முழுக்க மூடநம்பிக்கை என்று தள்ளிவிடும் பிள்ளைகளும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் மருந்து எங்கிருந்து வந்தது என்பதைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது வேறு இரண்டு. ஒரு வேளைக்கு எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியுமா? தப்பு நடந்தால் பதில் சொல்ல ஆள் இருக்கிறதா?

சாதாரணச் சளி, இருமலில் நான் கைவைத்தியத்தின் பக்கம். சளியைக் குணப்படுத்தும் மாத்திரை எதுவும் கிடையாது. கிருமி வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் வீண். தேவையில்லாமல் சாப்பிட்டால், நிஜமாகத் தேவைப்படும்போது அது வேலை செய்யாமல் போகும். இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டக் கஷாயம் தொண்டைக்கு இதம். குழந்தைகளின் இருமலுக்குத் தேன் பலன் தருவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. பாட்யூலிசம் என்ற நச்சு நோய் வரும் ஆபத்து உண்டு.

டெங்கியில் இரண்டு பக்கத்துக்கும் வெற்றி இல்லை. 2020ல் இங்கே 35,000க்கும் அதிகமானோருக்கு டெங்கி வந்தது. அந்த வருஷம் நிலவேம்புக் குடிநீர்ப் பொடிக்கும் பப்பாளி இலைச் சாற்றுக்கும் எவ்வளவு பேச்சு! நிலவேம்பைப் பற்றி ஆய்வகத்தில் நம்பிக்கை தரும் முடிவுகள் இருந்தாலும், டெங்கி நோயாளிகளிடம் பெரிய அளவில் சோதித்து நிரூபித்ததாகச் சொல்ல முடியாது. ஆங்கில மருத்துவத்திலும் டெங்கியைக் கொல்லும் மருந்து இல்லை. நீர்ச்சத்து குறையாமல் பார்ப்பது, ரத்தத் தட்டணுக்களைக் கவனிப்பது, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், அவ்வளவுதான். இதில் மாத்திரைக்காரர்கள் செய்யும் தவறு பெரிது. உடம்பு வலிக்கிறதே என்று ஐபுப்ரோஃபனையோ ஆஸ்பிரினையோ போட்டுக்கொண்டால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். நிலவேம்பு குடித்துக்கொண்டு ‘பார்த்துக்கலாம்’ என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பதும் அதே அளவு ஆபத்து. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே கிளம்பிவிட வேண்டும்.

சர்க்கரை நோய்தான் நம்மவர்களை நிஜமாகவே இரண்டு கட்சியாகப் பிரிக்கிறது. 2016ல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் ‘போர்’ என்றே அறிவித்தது. இந்தியர்களிடம் இந்த நோய் சீனர்களைவிட அதிகம். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பெரும்பாலும் முதலில் எழுதித்தருவது மெட்ஃபார்மின். அந்த மாத்திரைக்கு மூதாதை ஒரு மூலிகை. கலேகா என்ற செடியை ஐரோப்பாவில் நாட்டு மருந்தாகப் பயன்படுத்தி வந்தார்கள். அதிலிருந்த கலேஜின் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நஞ்சாகவும் இருந்தது. அதே வகைச் சேர்மமான மெட்ஃபார்மினை 1922ல் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். 1957ல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட முடிவுகளை வெளியிட்டார். பக்கவிளைவு இதற்கும் உண்டு. வயிறு கலங்கும், பல வருஷம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், சிறுநீரகம் பலவீனமானால் அளவைக் குறைக்க வேண்டும். ஆனால் இது எல்லாமே முன்கூட்டித் தெரிந்தது; பி12 குறைவும் சிறுநீரகப் பலவீனமும் ரத்தப் பரிசோதனையில் பிடிக்கக்கூடியவை.

பாகற்காயும் வெந்தயமும் பொய் இல்லை. வெந்தயத்தின் கரையும் நார்ச்சத்து, சாப்பாட்டுச் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கும். சிக்கல் அளவில்தான். தேக்காவில் இன்று வாங்கிய பாகற்காயும் அடுத்த வாரம் வாங்குவதும் ஒரே வீரியமாக இருக்காது. 500 மில்லிகிராம் மாத்திரையில் என்றைக்கும் 500 மில்லிகிராம்தான். அதனால் இவற்றை உணவாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன், மாத்திரைக்கு மாற்றாக வேண்டவே வேண்டாம் என்பேன். கிளிபிசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் பாகற்காய்ச் சாற்றைத் தினமும் குடித்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடவும் கூடும்.

ஒருமுறை பலதுறை மருந்தகத்தில் மருந்து வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள். “வேற மருந்து எதாச்சும் சாப்பிடுறீங்களாம்மா?” என்று மருந்தாளர் தமிழிலேயே கேட்டார். “இல்லம்மா, நீங்க குடுக்குறது மட்டும்தான்.” மகள் விடவில்லை: “காலையில அந்தப் பொடியக் கலக்கிக் குடிக்கிறீங்களேம்மா?” “அது மருந்தாடி? ஊர்லேருந்து சித்தி குடுத்துவிட்டது.” பொடியில் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை, மகளுக்கும் தெரியவில்லை. லேபிள் இல்லாத பிளாஸ்டிக் டப்பாவாம். மருந்தாளர் கோபப்படவே இல்லை. அடுத்த முறை டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார், அதுவரை பொடியை நிறுத்திவைக்கச் சொன்னார், மெட்ஃபார்மினை நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதிமதுரம் நல்ல உதாரணம். தொண்டைக்கு அருமையான மருந்து. ஆனால் அதிலிருக்கும் கிளைசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் தினமும் அதிமதுரக் கஷாயம் குடித்தால் இரண்டும் எதிரெதிராக இழுக்கும். ‘மாத்திரை கேட்கவில்லை’ என்று மருத்துவர் அளவைக் கூட்டுவார்.

மூட்டுவலியில் மாத்திரையை நான் முழுதாக ஆதரிக்க மாட்டேன். டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபன் போன்றவை வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். சர்க்கரை, பிரஷர் உள்ள வயதானவர்கள் மாதக்கணக்கில் விழுங்கக் கூடாதவை. தைலம் தேய்த்துச் சூடு வைப்பது, தொடைத் தசைக்கு உடற்பயிற்சி, எடையைக் குறைப்பது, இவையே முதலில். பயப்பட வேண்டியது இன்னொன்றுக்கு. ‘நூறு சதவீதம் மூலிகை’ என்ற பெயரில் வந்து, ஒரே ராத்திரியில் வலியைப் போக்கும் மாத்திரைகள். அப்படிப்பட்டவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஒளிந்திருந்ததாகச் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. முகம் வீங்கும், சர்க்கரை எகிறும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. 2008ன் முதல் ஐந்து மாதங்களில் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர், சர்க்கரை அளவு அபாயகரமாக இறங்கி இங்குள்ள அரசு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஆண்மைக்கு என்று சட்டவிரோதமாக விற்ற மருந்துகளில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மருந்து கலந்திருந்ததுதான் காரணம். நால்வர் இறந்தார்கள். அந்தப் பாக்கெட்டுகளில் மூலிகை என்று போட்டு விற்றவையும் உண்டு.

உலோகம் சேர்ந்த ரசமருந்துகளிலும் கவனம் தேவை. 2004ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. முறையாகச் சுத்தி செய்து நச்சை நீக்கினால் கெடுதல் இல்லை என்பார்கள் வைத்தியர்கள். கையில் இருக்கும் டப்பாவை யார், எப்படிச் சுத்தி செய்தார்கள் என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

பச்சைக் குழந்தைகள் விஷயத்தில் இயற்கை, செயற்கை என்ற பிரிவே அர்த்தமில்லாமல் போகிறது. ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு இருக்கிறதா என்று இங்கே பிறக்கும் குழந்தைகளைச் சோதிக்கிறார்கள். அந்தக் குறைபாடு இருந்தால் அந்துருண்டையும் ஆகாது, பூஜைக் கற்பூரமும் ஆகாது. ரத்தச் சிவப்பணுக்கள் உடையும், மஞ்சள்காமாலை ஏறும். குழந்தைகளுக்குக் காமாலை கூடுகிறது என்ற அச்சத்தில் 1978ல் பெர்பெரின் என்ற சேர்மம் உள்ள சீன மூலிகைகளைச் சிங்கப்பூர் தடைசெய்தது. மறு ஆய்வுக்குப் பின் 2013 முதல் படிப்படியாகத் தளர்த்தியது. நம் மரமஞ்சளிலும் இருப்பது அதே பெர்பெரின்தான்.

எனக்கு மனக்குறை ஒன்று உண்டு. சீன வைத்தியர்களுக்கு 2000ல் தனிச் சட்டம் வந்தது. பதிவு பெறாமல் யாரும் தொழில் நடத்த முடியாது. சித்தா, ஆயுர்வேத வைத்தியர்களுக்கு இங்கே அப்படி ஒரு சட்டப் பதிவேடு இல்லை. நன்றாகப் படித்துவந்த வைத்தியரும் ஆறு மாத வகுப்பு முடித்தவரும் பலகையில் ஒரே மாதிரித்தான் தெரிகிறார்கள். நம் வைத்தியத்தின்மேல் அக்கறை உள்ளவர்கள்தான் அந்தப் பதிவேட்டை முதலில் கேட்க வேண்டும். அதுவரை வைத்தியரிடம் எங்கே படித்தார், மருந்தில் என்னென்ன சேர்கிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சொல்ல மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.