எதிரொலியற்ற அறை: முழுசா, பாதியா?

ஒலி சுவரில் பட்டுத் திரும்பாத அறையை ஒலிச் சோதனைக்காகக் கட்ட இறங்குபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. முழு அறையில் ஆறு பக்கமும் ஆப்பு வடிவ ஒலி உறிஞ்சிகள். பாதி அறையில் தரை மட்டும் கெட்டி கான்கிரீட்.

இடம்: ஆப்பின் ஆழம், உறிஞ்ச வேண்டிய ஒலியின் அலைநீளத்தில் கால் பங்கு வேண்டும். அடித்தொனியில் 100 ஹெர்ட்ஸ் வரை இறங்க ஏறக்குறைய 86 செ.மீ. முழு அறையில் உயரத்திலிருந்து இது இரண்டு முறை கழியும். பாதியில் ஒரு முறைதான்.

நடமாட்டம்: முழு அறையில் ஆப்புகளுக்கு மேல் இழுத்துக் கட்டிய கம்பி வலையில்தான் நடக்க வேண்டும். அதன்மேல் வாஷிங் மெஷினை ஏற்றி வைப்பது பெரும்பாடு. பாதியில் காரையே உள்ளே ஓட்டி வரலாம்.

துல்லியம்: பாதியில் தரையில் பட்டுத் திரும்பும் ஒலி நேரொலியோடு கலந்து, சில அதிர்வெண்களில் அளவைக் கெடுக்கும். தரையில் தற்காலிகமாக ஆப்புகளைப் பரப்பிச் சமாளிக்கலாம், ஆனால் ஒட்டுப்போட்ட வேலைதான்.

செலவு: பாதி அறைதான் மலிவு.

வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்கும் செலவு மட்டும் இரண்டுக்கும் பொது. அமெரிக்காவின் ரெட்மண்டில் உள்ள மைக்ரோசாஃப்ட் அறை, வெளி அதிர்வு ஏறாமலிருக்க ஸ்பிரிங்குகள் மேல் நிற்கிறது; 2015இல் அங்கே அளந்தது மைனஸ் 20 டெசிபெலுக்கும் கீழே (காதுக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலியே ஏறக்குறைய பூஜ்யம்)!

மோட்டார், கம்ப்ரசர், வண்டி என்றால் பாதி அறை போதும். ஒலித்திறன், அதாவது ஒரு கருவி மொத்தமாக வெளியிடும் ஒலியின் அளவீட்டுக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 3745 இரண்டையும் ஏற்கிறது. மைக், ஸ்பீக்கர், காது கேட்கும் கருவி என்றால் யோசிக்காமல் முழு அறை கட்டுங்கள்.