14,800 ரூபாய் போச்சு: பேட்டரி ரம்பம் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

கோபம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன், ஆறிப்போனால் சோம்பல் வந்துவிடும். 14,800 ரூபாய். பத்து நாளாகியும் ஒரு பைசா திரும்பி வரவில்லை.

நான் காரைக்குடிப் பக்கம் தச்சுவேலை செய்கிறவன். இப்போது கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டு வேலை. வளவில் (உள்முற்றத்தில்) இருந்து இறக்கிய பர்மாத் தேக்குச் சட்டங்களில் செல்லரித்த பாகத்தைக் கழித்துவிட்டு, மீதியைப் பலகையாக அறுத்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் பன்னிரண்டு அடி நீளம், இரண்டு அங்குலக் கனம். கரண்ட் முகப்பில் மட்டும்தான் இருக்கிறது. அங்கிருந்து பட்டாலை, வளவு எல்லாம் தாண்டி இரண்டாம் கட்டுக்கு ஒயர் இழுத்தால் வருகிறவர் போகிறவர் கால் எல்லாம் அதில்தான் இருக்கும். சரி, பேட்டரி ரம்பமே வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். வட்ட ரம்பத்தில் கைப்பிடி இரண்டு விதம். ஒன்று மோட்டாருக்கு மேலேயே இருக்கும். மெஷின் குட்டையாக, எடை குறைவாக இருக்கும், சாரத்தில் நின்றுகொண்டு வெட்ட, பிளைவுட் வெட்ட, குறுக்கே துண்டு போட எல்லாம் அதுதான் வசதி. இன்னொன்றில் கைப்பிடி மோட்டாருக்குப் பின்னால், தாழ்வாக இருக்கும். மெஷின் நீளம், எடையும் கூடுதல், ஒரு கையால் தூக்கி வேலை செய்ய முடியாது. ஆனால் பலகையைத் தரையில் கட்டை வைத்துப் படுக்கப்போட்டு, குனிந்து நீளவாக்கில் தள்ளிக்கொண்டே போவதற்கு அதைப்போல் வராது, தள்ளுகிற பலம் நேராகப் பின்னாலிருந்து போகும். பெரும்பாலும் பிளேடும் இடது பக்கம் இருக்கும், வலது கைக்காரனுக்குக் கோடு கண்ணெதிரே தெரியும். பன்னிரண்டு அடி அறுக்கும்போது நடுவில் பிளேடு இறுகினால் மெஷின் பின்னால் எகிறும். அந்த நேரத்தில் இரண்டு கையும் பிடியில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது பின் கைப்பிடி. இதில் எனக்குக் குழப்பமே இல்லை.

ஊர்க் கடைகளில் கேட்டேன், எல்லாரும் மேல் கைப்பிடியைத்தான் காட்டினார்கள். வீட்டில், "ஒரு நடை மதுரைக்குப் போய்ப் பார்த்து வாங்குங்களேன்" என்று சொன்னாள். கேட்டிருக்கலாம். ராத்திரி போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது கருவிகள் விற்கிற ஒரு ஆன்லைன் கடை வந்தது. படத்தில் அழகாகப் பின் கைப்பிடி, 185 மில்லிமீட்டர் பிளேடு, இரண்டு பேட்டரி, சார்ஜர். பேட்டரி மேல் 88 வோல்ட் என்று பெரிய எழுத்து. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

காலையில் அதில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். ஒரு பையன் எடுத்தான், தன்மையான பேச்சு. "பின் கைப்பிடிதானே தம்பி?" என்று மூன்று தடவை கேட்டேன். "ஆமாண்ணே, படத்துல உள்ளதுதான் வரும். நீங்க ஆசாரியாண்ணே? எங்க அப்பாவும் தச்சுவேலைதான், எனக்குத் தெரியாதா" என்றான். அந்த ஒரு வார்த்தை. அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை. பொருள் வந்தபின் பணம் கொடுத்தால் 16,300, முன்னாலேயே அனுப்பினால் 14,800 என்றான். டீக்கடையில் நின்றுகொண்டே அனுப்பிவிட்டேன். டீ ஆறுவதற்குள் 14,800 போய்விட்டது.

ஐந்தாம் நாள் பெட்டி வந்தது. தூக்கும்போதே கனம் இல்லை. உள்ளே மேல் கைப்பிடி மெஷின். பிளேடு ஐந்து அங்குலம், 125 மில்லிமீட்டர். முழுக்க இறக்கினாலும் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் மரத்தில் இறங்காது, என் பலகை இரண்டு அங்குலம். கீழே பிளேடை மூடுகிற காப்பு ஸ்பிரிங்கில் தானாகத் திரும்பி மூட வேண்டும், அது பாதியிலேயே நிற்கிறது. தொடையை வெட்டிக்கொள்ள வேறு என்ன வேண்டும்? பேட்டரியை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, எலக்ட்ரீசியன் தம்பி மீட்டர் வைத்துப் பார்த்தான், 20.8 வோல்ட். ஒரு செல்லுக்கு முழுச் சார்ஜில் 4.2 என்று ஐந்து செல்லை வரிசையாகக் கோத்தால் 21. அவ்வளவுதான் இருக்கிறது உள்ளே. 88 என்பது ஸ்டிக்கர் மட்டும்.

உடனே போன் செய்தேன். அதே பையன்தான். முதல் நாள், "படம் மாதிரிக்குத்தாண்ணே, கைப்பிடி டிசைன் மாறும்". டிசைனாம்! உளிக்குப் பிடி போடுவதும் டிசைனா? இரண்டாம் நாள் புகார் எண் கொடுத்தான், 48 மணி நேரம் பொறுக்கச் சொன்னான். நான்காம் நாள் ஒரு பெண் பேசியது, "நீங்க சீலைப் பிரிச்சிட்டீங்க சார், ரிட்டர்ன் எடுக்க முடியாது". பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது அம்மா என்றேன், லைன் போய்விட்டது. நேற்று முதல் என் நம்பரிலிருந்து அடித்தால் போகவே இல்லை. வீட்டு நம்பரிலிருந்து அடித்தேன், எடுத்து, "அண்ணே நீங்க ஆசாரியா?" என்று ஆரம்பித்தான் பாருங்கள், எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

14,800 எனக்கும் பெரியப்பாவுக்கும் சேர்த்து ஒரு வாரக் கூலி.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இனி நேரமில்லை. கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள், பேட்டரியை மாட்டித் தூக்கிப் பாருங்கள், பேட்டரி இல்லாமல் எல்லா மெஷினும் லேசாகத்தான் இருக்கும். பேட்டரி வோல்ட் 18, 36 போல் இல்லாமல் 88, 128 என்று போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆன்லைனில்தான் வாங்குவேன் என்றால் கைப்பிடி விதத்தையும் பிளேடு அளவையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். நான் எடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன், அதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது.

பழைய மரத்தில் ஆணி இருந்தால் என்ன பிளேடு போடுவது என்றும் சொல்ல நினைத்தேன். பெரியப்பா கூப்பிடுகிறார். கை ரம்பத்தில்தான் அறுத்துக்கொண்டிருக்கிறோம், மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமாம்.