பத்து வருடம் தாண்டிய கீசர்: காயிலை மாற்றலாம், டேங்க்கை?

"25 லிட்டர் கீசர், பத்து வருஷம் தாண்டிடுச்சு. காயில் போச்சு, புதுசே வாங்கிடுங்கன்னு மெக்கானிக் சொல்றார். என்ன பண்ணட்டும்?" என்று நண்பர் கேட்டார். எங்கள் வீட்டிலும் அதே அளவு, கிட்டத்தட்ட அதே வயது, அதே தென்சென்னை போர் தண்ணி. அதனால் பதில் கொஞ்சம் நீளம்.

காயில் போனதற்காக கீசரையே தூக்கிப் போடத் தேவையில்லை. தண்ணீரைச் சூடாக்கும் காயில், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், சூடு எல்லை மீறினால் கரன்ட்டை வெட்டும் கட்-அவுட், கசியாமல் அடைக்கும் ரப்பர் கேஸ்கெட் நாலும் கழற்றி மாட்டுகிற சாமான்தான். நாலையும் ஒன்றாக மாற்றினாலும் பாகங்களின் விலை புது கீசரில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது அபூர்வம். மாற்றவே முடியாதது டேங்க் ஒன்றுதான். எனவே மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது, "டேங்க் எப்படி இருக்கு, திறந்து பார்த்தீங்களா?" என்பதை. பெரும்பாலும் திறந்திருக்க மாட்டார்.

தண்ணீர் எங்கிருந்து சொட்டுகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அடி மூடியின் நடுவில், காயில் பொருத்திய தகட்டைச் சுற்றிக் கசிந்தால் அது கேஸ்கெட். நூறு இருநூறு ரூபாய் விஷயம். சேஃப்டி வால்விலிருந்து சூடாகும்போது மட்டும் சொட்டினால் அது பழுதே இல்லை. 25 லிட்டர் தண்ணீர் 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது முந்நூறு மில்லிக்கு மேல் விரிகிறது. உள்ளே வரும் குழாயில் திரும்பவிடாத வால்வு இருப்பதால் அது வேறு எங்கே போகும்? சொட்டுகிறதே என்று அந்த வாயை எம்-சீல் போட்டு அடைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், தெர்மோஸ்டாட் மாட்டிக்கொள்ளும் நாளில் டேங்க் வெடிக்கலாம். வெளிக்கூட்டின் தையலிலிருந்து துருநிறத்தில் நீர் வழிந்தால் மட்டும் கதை முடிந்தது. எனாமல் பூசிய டேங்க்கில் வெல்டிங் வைத்தால் சுற்றியுள்ள பூச்சும் வெந்துபோகும், அடுத்த மாதமே பக்கத்தில் இன்னொரு ஓட்டை விழும்.

காயில் நிஜமாகவே போனதா என்று மல்டிமீட்டரில் பார்க்க ஐந்து நிமிடம் போதும். எம்சிபியை (கீசர் லைனின் மெயின் சுவிட்சை) இறக்கி, டெஸ்டரில் உறுதி செய்துகொண்டு, வயரைக் கழற்றி முனைகளுக்கு நடுவே அளக்கவும். 2000 வாட் காயில் என்றால் 26 ஓம் பக்கம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. 26 காட்டியும் சூடாகவில்லை என்றால் காயில் மேல் தப்பில்லை. கட்-அவுட்டின் சிறிய பட்டன் எகிறியிருக்கும், அல்லது தெர்மோஸ்டாட் போயிருக்கும். பட்டன் அடிக்கடி எகிறினால் தெர்மோஸ்டாட்டின் கான்டாக்ட் ஒட்டிக்கொள்கிறது என்று பொருள். தெர்மோஸ்டாட்டைத்தான் மாற்ற வேண்டும், கட்-அவுட்டை நேரடியாக இணைத்துவிட்டுப் போவது கொலை முயற்சி. கீசர் போட்டதும் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) விழுகிறதா? காயிலின் உறை விரிசல் விட்டிருக்கலாம். அதற்காக ஆர்சிசிபியைத் தாண்டி வயர் இழுத்துக் குளிக்கிற வீடுகள் இருக்கின்றன; அவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

"உப்பு படிஞ்சா கரன்ட் பில் ஏறும்" என்பது பாதிதான் சரி. காயில் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் அதன் சூடு எப்படியும் தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும். சுண்ணாம்பு மேலே படியப் படிய சூடு வெளியேறத் தாமதமாகிறது. காயில் தனக்குள்ளேயே வெந்து உறை வெடிக்கிறது, அதுதான் நஷ்டம். தெர்மோஸ்டாட்டின் உணர்குழல் அந்தச் சுண்ணாம்புக்குள் புதைந்துவிட்டால் தண்ணீர் வெதுவெதுப்பாகும்போதே கட் ஆகிவிடும். கணக்கு எளிது: 25 லிட்டரை 28-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும், 2 கிலோவாட்டில் அரைமணி நேரம். பதினைந்து நிமிடத்தில் விளக்கு அணைந்து, ஒரு பக்கெட்டோடு சூடு தீர்ந்தால் உள்ளே உப்புதான். சிறுவாணித் தண்ணீர் குடிக்கும் கோவைக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்: மெக்னீசியம் ராடு. டேங்க்கின் எஃகை அரிக்க வேண்டிய தண்ணீர், அதற்குப் பதிலாக இந்த ராடைத் தின்னட்டும் என்று கம்பெனியே உள்ளே வைத்து அனுப்புகிறது. போர் தண்ணியில் அது இரண்டு மூன்று வருடம் தாங்கினால் பெரிது. தீர்ந்த பிறகு அடுத்த பலி டேங்க்தான். வாரண்டி அட்டையில் டேங்க்குக்கு 5 வருடம், 7 வருடம் என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். ராடை மாற்றாவிட்டால் செல்லாது என்பது பொடி எழுத்தில் இருக்கும். வருகிற மெக்கானிக்கோ அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. கழற்றிப் பார்த்தால் தெரியும்: புதிதில் கட்டைவிரல் தடிமனில் இருந்தது, சைக்கிள் ஸ்போக் போல நடுக்கம்பி மட்டுமாக, அங்கங்கே வெள்ளைப் பொருக்கு ஒட்டிக்கொண்டு வரும். இருநூறு, முந்நூறு ரூபாய் சாமான். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டால் "ஸ்டாக் இல்லை, புது மாடலுக்குத்தான் வரும்" என்றார்கள். கடைசியில் மரையும் நீளமும் அளந்து வெளிக்கடையில் பொருந்துவதைத் தேடி வாங்க வேண்டியிருந்தது.

சாஃப்ட்னர் வைத்தவர்களுக்கு ஒன்று. அது சுண்ணாம்பை நிறுத்தும், ராடைக் காப்பாற்றாது. ராடு இன்னும் வேகமாகக்கூடக் கரையலாம். டிடிஎஸ் பேனா (தண்ணீரில் கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டுவது) வைத்துப் பார்த்து "குறையவே இல்லையே" என்று சண்டை போடாதீர்கள். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது, டிடிஎஸ் அப்படியே இருக்கும். சுடுதண்ணியில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் வந்தாலும் கீசரை மாற்ற ஓட வேண்டாம். ராடும் தண்ணீரில் இருக்கும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்யும் வேலை அது. அதிகபட்சச் சூட்டில் வைத்து டேங்க்கைக் காலி செய்தால் பெரும்பாலும் போய்விடும்.

திறப்பது என்று முடிவானால், முதல் நாளே அடித்தகட்டின் போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். மறுநாள் உள்வரும் வால்வை மூடி, சுடுதண்ணிக் குழாயைத் திறந்துவிட்டு, சேஃப்டி வால்வின் நெம்பைத் தூக்கி வடிக்கவும். வயர் இணைப்பைப் போட்டோ எடுத்த பிறகே கழற்றவும். காயிலை ஒரு லிட்டர் வெந்நீரில் ஐம்பது கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து ஊறவைத்தால் சுண்ணாம்பு நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும், முனைகள் மட்டும் நனையக்கூடாது. பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீர்கள். கேஸ்கெட் எப்போதும் புதிது; போல்ட்டை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். சுடுதண்ணிக் குழாயில் காற்று அடங்கித் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் சுவிட்ச். காலி டேங்க்கில் போட்டால் புதுக் காயில் சில நிமிடத்தில் காலி.

கழற்றும்போது டேங்க்கோடு ஒட்டிய ஸ்டட் (மரைக்கம்பி) முறிந்தால், அல்லது டார்ச் அடித்துப் பார்க்கையில் எனாமல் உரிந்து துருப்பொட்டு தெரிந்தால், அங்கேயே நிறுத்திவிட்டுப் புதுசு பார்க்கலாம். காயிலுக்குக் காசு போட வேண்டாம்.

கீசரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். எங்களுடையதில் டேங்க் இன்னும் பளிங்கு. இன்சுலேஷன் பிரமாதம், இரவு சூடாக்கி அணைத்தால் காலையில் குளிக்கிற சூடு மிச்சமிருக்கிறது. இப்போது வரும் ஐந்து ஸ்டார்களோடு போட்டி போடும். ஆனாலும் அதே கம்பெனியில் இன்னொன்று வாங்குவேனா? மாட்டேன். முந்நூறு ரூபாய் ராடைக் கொடுக்கத் துப்பில்லாதவன் எனாமல் எவ்வளவு நன்றாகப் பூசினால் எனக்கென்ன.

நண்பருக்கு: டேங்க் சுத்தமாக இருந்தால் காயில், கேஸ்கெட், ராடு மூன்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். புதுசுதான் என்றால், போர் தண்ணிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் வேண்டாம், குளோரைடு வெல்டிங் ஓரத்தில் துளை போடும்; கடற்கரைப் பக்கம் கேட்கவே வேண்டாம். எனாமல் டேங்க் எடுங்கள். அடித்தகட்டைத் திறக்காமலே ராடைத் தனி நட்டில் கழற்றும் மாடலா என்று பார்த்து, பில் போடும்போதே இரண்டு ராடு கையோடு கேளுங்கள். இல்லை என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தால், அடுத்த பிராண்டைப் பாருங்கள்.