மரத்தாலான ஜெட்டும் அதைக் காப்பாற்றும் கைகளும்

லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் இருக்கும் டி ஹாவிலாண்ட் விமான அருங்காட்சியகத்துக்கு, 1940இல் பறந்த, இரண்டாம் உலகப் போர் விமானமான மஸ்கிட்டோவின் முதல் மாதிரியைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் என் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது வாம்பயர் டி.11 பயிற்சி விமானம். 1950களில் பிரிட்டிஷ் விமானப்படையினர் பலர் ஜெட் ஓட்டப் பழகியது இதில்தான், ஆசிரியரும் மாணவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். ஜெட் என்றால் முழுக்க அலுமினியம் என்றுதானே நினைப்போம்? விமானி உட்காரும் முன்பகுதி மரம்! ப்ளைவுட் தகடுகளுக்கு நடுவே பால்சா என்ற மிக லேசான மரத்தை வைத்து ஒட்டியது, அதனால் இந்த மாதிரி விமானத்தைச் சீரமைக்க உலோகத் தகடுகளை இணைக்கும் ரிவெட் அடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, தச்சு வேலையும் தெரிய வேண்டும், ஈரம் இறங்கிப் பசை விட்டுப்போன இடத்தைத் தேடிப் பிடிக்கும் பொறுமையும் வேண்டும்.

இதையெல்லாம் செய்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஒரு பெரியவரிடம் சும்மா ஒரு கேள்வி கேட்டேன், உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு இருபது நிமிடம் விளக்கினார். எனக்கு அதுவே கொடுத்த டிக்கெட் காசுக்கு மேல் மதிப்பு. அப்புறம், திறந்திருக்கும் நாட்களைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், அரை நாளாவது ஒதுக்குங்கள், கூச்சப்படாமல் கேள்வி கேளுங்கள்.